ஊசிமுனை அளவு

மூடி தரையில் கிடந்தது.

கட்டைவிரல் பருமனில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடி. ஹைட்ராலிக் ஓஸ்களின், அதாவது அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்களின், இரண்டு முனைகளிலும் தூசி புகாமல் மாட்டி வைப்பது. யாராவது திருகினால் ஒழியக் கழலாது. வாரவிடுமுறை நாளின் பிற்பகல் மூன்று மணிக்கு, தொழிற்சாலையின் பூட்டிக் கிடந்த ஸ்டோருக்குள், நடைவழியின் நட்டநடுவில் அது கிடக்க ஒரு நியாயமும் இல்லை. சாவி ஸ்டோர்க்காரரிடம் மட்டும்தான் இருந்தது.

அவர் குனிந்து எடுத்தார். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தது, வெதுவெதுப்பாக.

"எலி வேலை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். எலி எப்போது மரை திருகக் கற்றது என்று கேட்க அங்கே ஆளில்லை. கேட்டிருந்தாலும் பதில் வைத்திருப்பார். இருபத்திரண்டு வருஷமாக எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்துதான் அந்த நாற்காலியைக் காப்பாற்றி வந்தார்.

ரப்பருக்கு வெயில் ஆகாது என்பதால் ஜன்னல்களுக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். மோட்டார் ஓடும் இடத்தின் காற்றும் ஆகாது என்பதால் மற்ற கட்டடங்களிலிருந்து தள்ளிக் கட்டியிருந்தார்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயில் இருக்க, உள்ளே ரப்பரும் பழைய எண்ணெயும் கலந்து தொண்டையில் ஒட்டும் வாசனையோடு, அலமாரி அலமாரியாக ஓஸ்கள் தளர்வான வட்டங்களாய்ச் சுருண்டு படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கியது. 'சோதித்தேன், சரி.' கீழே அவருடைய கையெழுத்து.

சோதிப்பது எப்படி என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். வெளிச்சத்தில் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். வெடிப்பு, வீக்கம், வெளியே தெரியும் கம்பி, முனையில் இருக்கும் இரும்புக் கப்ளிங்கில் துரு, எதுவும் இருக்கக் கூடாது. மேலே அச்சடித்திருக்கும் வருஷத்தைப் படிக்க வேண்டும். ஆயுள் முடிந்திருந்தால், பார்க்கப் புதிதாக இருந்தாலும், இன்னொருவர் எடுத்து மாட்டிவிடாதபடி துண்டு துண்டாக அறுத்துவிட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் மாத முதல் நாளே டீயைக் குடித்துக்கொண்டு நூறு அட்டைகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்.

மூன்று மாதத்துக்கு முன், இரும்புத் தகடுகளை அழுத்தும் பெரிய பிரஸ்ஸில் ஓர் ஓஸ் கசிந்தது. கசிவைத் தேடப் போனவர் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர், இவருடைய மனைவியின் அண்ணன். தொழிற்சாலையில் அவருக்குக் கைராசி என்று பெயர். அழுத்தத்தில் இருக்கும் ஓஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் பாய்கிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதனால்தான் ஓர் அட்டையை நீட்டித் தேடச் சொல்வார்கள். கைராசிக்கு அட்டை எதற்கு? கையாலேயே தடவிப் பார்த்தார்.

பிறகு நேராக ஸ்டோருக்கு வந்து ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"மாப்ள, இதக் கொஞ்சம் பாருங்க. சுருக்குன்னு குத்துச்சு. வலியே இல்ல."

ஒரு புள்ளி. அவ்வளவுதான். அது என்னவென்று ஸ்டோர்க்காரருக்குத் தெரியும். பாதுகாப்பு வகுப்பில் படமே காட்டியிருக்கிறார்கள்: ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் விரலைக் கீறி எண்ணெயை எடுக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் விசாரணை வரும், விசாரணை வந்தால் ஓஸைப் பார்ப்பார்கள். அந்த ஓஸின் ஆயுள் முடிந்து இரண்டு வருஷம். அட்டையில் மை கூடச் சரியாகக் காயவில்லை.

"ஒண்ணுமில்ல மச்சான். கழுவிட்டு வேலையப் பாருங்க."

மூன்றாம் நாள் கையை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஆளே இல்லை.

"அண்ணன் உங்ககிட்ட வந்து எதுவும் காட்டலையா?" என்று ஆஸ்பத்திரி வாசலில் மனைவி கேட்டாள்.

"காட்டவே இல்லையே."

அன்றிலிருந்து அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பிடும்போது அவர் கையை மட்டும் பார்ப்பாள்.

நாளைக் காலை பாதுகாப்பு அதிகாரி ஸ்டோரைச் சோதிக்க வருகிறார். அந்த ஓஸை அன்றே அறுத்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் அது கடைசி அலமாரியின் அடித்தட்டில், பழைய பெல்ட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. தொடப் பயந்து, நாளை நாளை என்று தள்ளிப் போட்டதில் மூன்று மாதம் ஓடிவிட்டது. நாளை அதை அதிகாரி கண்டால் வேலை போகும். பிறகு ஜெயில். பிறகு, எல்லாவற்றையும்விட, அவள் முகம்.

ரம்பத்தோடு கடைசி அலமாரிக்குப் போய் பெல்ட்டுகளை விலக்கினார்.

எண்ணெய் வடிந்த ஓஸ் துவண்டு கிடக்க வேண்டும். இது விறைத்திருந்தது. எதிலும் மாட்டாத, இரு முனையும் திறந்த ஓஸ், பிரஸ் முழு அழுத்தத்தில் ஓடும்போது இருப்பது போல நெஞ்சு நிமிர்த்திக் கிடந்தது. எங்கிருந்தோ மெல்லிய சத்தம். பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல. ஸ்ஸ்ஸ்.

கை தானாக நீண்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார். மேஜையிலிருந்து ஓர் அட்டையைக் கொண்டுவந்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ஓஸின் பக்கத்தில் நீட்டி நகர்த்தினார்.

அட்டையில் ஒரு கோடு விழுந்தது. பிளேடால் இழுத்தது போல நேராக, அவருடைய கையெழுத்தின் குறுக்கே.

சத்தம் நின்றது.

காலால் மிதித்துக்கொண்டு அறுத்தார். முதலில் இரண்டு முனைகளின் கப்ளிங்குகள். ஒன்று டிங் என்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பிறகு நடுவில். உள்ளே இருந்த கம்பிவலை ரம்பத்தைக் கடித்துப் பிடித்தது. எண்ணெய் வந்தது. சூடாக. நிற்காமல். அறுத்த துண்டு ஒவ்வொன்றும் கடைசி இழையில் ஒருமுறை துடித்து அடங்கியது. அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே அறுத்தார்.

சாக்கில் அள்ளினார். துண்டுகள் எல்லாம் இருந்தன. ஒரு கப்ளிங் இருந்தது.

இன்னொன்று இல்லை.

டார்ச் அடித்தார். அலமாரிக்கு அடியில். பெல்ட்டுகளுக்குள். சாக்கைக் கொட்டி மறுபடி அள்ளினார். ஓர் ஓஸுக்கு இரண்டு முனை. அவர் காதால் கேட்டார், இரண்டும் விழுந்தன. நடைவழியில் இன்னொரு சிவப்பு மூடி கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் அது அங்கே இல்லை.

ஓடினார் என்று சொல்ல அவருக்கு வெட்கம். வேகமாக நடந்தார் என்று வைத்துக்கொள்வோம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். சாக்கை ஊருக்கு வெளியே ஒரு பாழுங்கிணற்றில் போட்டு, அது தண்ணீரில் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டார். வழியில் ஒரு குழாயடியில் கையைக் கழுவி, பத்து விரலையும் உள்ளங்கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் அவர் ஒழுங்காகச் செய்த முதல் சோதனை அதுதான்.

வீட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சமையலறையில் மட்டும் விளக்கு எரிந்தது. மனைவி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவு திறந்து கிடந்தது.

"உள்ள ஏதோ ஒழுகுதுங்க" என்றாள். "புஸ்ஸுன்னு சத்தம் மட்டும் கேக்குது, எங்கேருந்துன்னு தெரியல. கைய விட்டுத் தடவிப் பாத்தேன்."

தண்ணீர் வாசனை இல்லை. தொண்டையில் ஒட்டும் வாசனை.

குனிந்தார். தண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால், சுவரோரம், எதிலும் மாட்டாமல் நின்றது அந்தக் கப்ளிங். ரம்பம் பட்ட முனை பளபளத்தது. அதில் ஓர் அட்டை தொங்கியது. 'சோதித்தேன், சரி.'

"இங்க பாருங்க."

ஆள்காட்டி விரலை நீட்டினாள். ஒரு புள்ளி.

"சுருக்குன்னு குத்துச்சு. வலியே இல்ல." மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போகணுமாங்க?"

ஆறு மணி நேரம் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் அதற்கு அடுத்த கேள்வி.

தொட்டிக்கு அடியில் சத்தம் நின்றது. பதிலுக்குக் காத்திருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றது ஒரு குரல். அவருடையதுதான். "கழுவிட்டு வேலையப் பாரு."

அவள் எழுந்து, குழாயைத் திறந்து, விரலைத் தண்ணீரில் காட்டினாள். மற்ற விரல்கள் மடங்கின. அது மட்டும் மடங்கவில்லை. விறைத்து நீண்டு, அவரைக் காட்டிக்கொண்டு நின்றது. அடியில் மறுபடி தொடங்கியது.

ஸ்ஸ்ஸ்.