பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகளின் இரத்தம்

முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடம் பதினான்கு நாளாகியும் ஆறவில்லை. புளியங்கொட்டை அளவாயிருந்த கண்டல் இன்று உள்ளங்கை அளவுக்கு, ஓரம் மஞ்சளாகி நடுவில் கறுத்துப் படர்ந்திருந்தது. ஷெரோமி மேலங்கியின் கையை இழுத்து அதை மூடினாள்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு மாடிவீடுதான் அவளும் ராசிக்கும் வேலைசெய்யும் ஆய்வுகூடம். வெளியே பின்னேர மழை. கண்ணாடி அதிர ரயில் கடந்துபோன பிறகும், குளிர்ப்பெட்டியின் முனகலும் ஸ்பிரிட் மணமும் ஈர உப்புக் காற்றும் அறையைவிட்டுப் போகாமல் நின்றன. இரத்தத்திலுள்ள புரதங்களின் அளவுகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து, இரத்தப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவது ராசிக்கின் வேலை. நோயாளிகளின் இரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத சுகதேகிகள் நாற்பது பேரை ஷெரோமிதான் பிடிக்க வேண்டும்.

இருபத்தெட்டுப் பேரோடு ஆட்கள் வருவது நின்றுபோனது. இரத்தம் எடுக்கும் நாளும் செவ்வாய்க்கிழமை; அன்றைக்கே ஐந்து மணிக்குள் கொச்சிக்கடைக் கோயில் பூசைக்குப் போய்ச்சேர வேண்டிய அவசரம். பாவம், அவளும் என்ன செய்வாள்? வராத ஆளுக்குப் பதிலாகத் தன் கையிலேயே ஊசியை ஏற்றினாள். வாய்க்கு வந்த பெயரைக் குழாயில் ஒட்டினாள். படிவத்தில் தன்னுடைய தொலைபேசி இலக்கம். அவளும் சுகதேகிதானே.

பன்னிரண்டு செவ்வாய்கள்.

“அக்கா, கொஞ்சம் வாங்க.”

ராசிக்கின் திரையில் சுகதேகிகள் பச்சைப் புள்ளிகளாக ஒரு பக்கம், நோயாளிகள் சிவப்பாக மறுபக்கம்.

“வருத்தக்காரரையும் சுகம் எண்டு இந்தக் கம்பியூட்டர் ஏன் சொல்லுது எண்டு இப்பதான் விளங்கிச்சு. நீங்க பிடிச்ச ஆள்கள்ல கடைசிப் பன்னெண்டு பேரும் சரியில்ல. பாருங்க, ஒராளுக்குப் பின்னால ஒராள். பெருநாள் ஊர்வலம் மாதிரி.”

பச்சைக் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, காலடித் தடங்களைப்போல, பன்னிரண்டு புள்ளிகள் சிவப்பை நோக்கி நடந்திருந்தன. கடைசிப் புள்ளி போய்ச் சேர்ந்துவிட்டது.

“மெஷின் பிழையா இருக்கும், தம்பி.”

“மூணு தரம் ஓட்டிப் பார்த்தன். கடைசி ஆள் ஆதிலாவாம். தெரிஞ்சவவா?”

“ஓம்.”

“நல்லாத்தானே ஈக்கிறா?”

காலையிலிருந்து ஈறில் இரும்புச் சுவை. விழுங்கினாள்.

“உங்கட முகத்தப் பார்த்தாலே அவ பயந்திருவா. நானே கதைக்கிறன்.” படிவங்களை எடுத்துக்கொண்டு அவன் ஆய்வுகூடத் தொலைபேசியடியில் அமர்ந்தான்.

சொல்லிவிடலாம். இப்போதே.

கழிப்பறைக் கதவைத் தாழிட்டாள். கைத்தொலைபேசியைக் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்து வாய் கொப்பளித்தாள். துப்பினாள். சிவப்பு. மறுபடி துப்பினாள். சிவப்பு.

தொலைபேசி வெளிச்சமாகி, பீங்கானில் நடுங்கியது. ஆய்வுகூட இலக்கம்.

அவள் தொடவில்லை.

நின்றது.

சுவருக்கு அப்பால் காகிதம் புரண்டது. “ஆதிலா எடுக்கிறா இல்ல, அக்கா. பத்மாவதியப் பார்ப்பம்.”

சிவப்பு நீரின் மேல் வெளிச்சம் மறுபடி விழுந்தது.