யாருமில்லாத கம்பி

காலை பதினொரு மணிக்கு அந்தப் பழைய ஏழு மாடிக் கட்டடத்துக்குள் நானும் மச்சானும் கருவிப் பைகளோடு நுழைந்தோம். லிஃப்டை இயக்கும் பழைய மின்னணு போர்டைக் கழற்றியாகிவிட்டது. நிரல் எழுதி, புதிய போர்டுக்குப் பேசவும் கேட்கவும் கற்றுத்தருவது என் வேலை. மச்சான் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்த அண்ணன் ஒருவர்தான்.

நான் மேலே மோட்டார் அறைக்கு ஏறினேன். பழைய கிரீஸின் நாற்றம் தொண்டையில் ஒட்டியது. மச்சான் கீழே, லிஃப்ட் இறங்கும் குழிக்குள் குதித்தார். லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது. மேலிருந்து குழிவரை இரண்டு கம்பிகள் தொங்கின. சிக்னல் நுனியில் மோதித் திரும்பாமலிருக்க, அங்கே அவர் ஒரு ரெசிஸ்டர் பொருத்த வேண்டும். போர்டுக்கும் மோட்டாருக்கும் அறை விளக்குக்கும் ஒரே மெயின் சுவிட்ச். அதை அணைத்தால் என் வேலை ஓடாது. அதனால் அணைக்கவில்லை.

"என் தங்கச்சிகிட்ட பேசுறதவிட அந்தக் கம்பிகிட்டதான் நீ அதிகம் பேசுற, மாப்ள," என்றார் போன் ஸ்பீக்கரில்.

"கம்பி திருப்பித் திட்டாது, மச்சான்."

இந்த ஏற்பாட்டின் அழகே எல்லா போர்டுகளுக்கும் இந்த ஒரே ஜோடிக் கம்பி என்பதுதான். ஒரு போர்டு மெசேஜ் அனுப்பினால், அதன் கடைசியில் துளி இடம் விட்டுக் காத்திருக்கும். சரியாகக் கேட்டவர் அந்த இடத்தில் ஒரு மின்துடிப்பை வைப்பார். வகுப்பில் 'உள்ளேன்' சொல்வது மாதிரி. கேட்டது யார் என்று மட்டும் தெரியாது. யாரோ கேட்டார், அவ்வளவுதான்.

அன்று கம்பியில் என் போர்டு மட்டுமே இருந்தது. அனுப்பினால் பதில் வராது, பிழை காட்டும். அந்தப் பிழையைப் பார்க்கத்தான் அனுப்பினேன்.

பிழை வரவில்லை.

கம்பியின் மின்துடிப்பைக் கோடாகக் காட்டும், பேட்டரியில் ஓடும் என் ஸ்கோப்பின் திரையில், மெசேஜின் கடைசியில், கோடு ஒருமுறை எழுந்து இறங்கியது.

"மச்சான், கீழ ஏதாவது மாட்டிட்டீங்களா?"

"இல்லப்பா. ரெசிஸ்டர் இன்னும் கையிலதான் இருக்கு."

மீண்டும் அனுப்பினேன். மீண்டும் 'உள்ளேன்'.

கம்பியில் வருவது எதுவானாலும் உள்ளே வராமல் தடுக்க நினைத்தேன். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் எண்; அதைப் பார்த்து உள்ளே விட போர்டில் ஒரு வடிகட்டி உண்டு. எண்ணின் எந்தெந்த இடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அதனோடு இருக்கும் மாஸ்க் சொல்லும். அவசரத்தில் மாஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதினேன். எல்லாவற்றையும் பூட்டியதாக நினைப்பு.

மாஸ்கில் பூஜ்ஜியம் என்றால் 'சரிபார்க்காதே'. நான் கதவை அகலத் திறந்து வைத்திருந்தேன்.

போர்டின் வரவுப் பெட்டியில் ஒரு மெசேஜ் விழுந்தது. எண், பூஜ்ஜியம். இந்தக் கம்பியில் சிறிய எண் பேசினால் பெரிய எண் வாயை மூடிக்கொள்ளும். பூஜ்ஜியத்தை மீறி யாரும் பேச முடியாது.

உள்ளே ஒரே கட்டளை.

கீழே இறங்கு.

வடிகட்டி உள்ளே விட்டதை என் நிரல் மறுகேள்வி கேட்காது. என் முதுகுக்குப் பின்னால் மோட்டாரின் பிரேக் 'டக்' என்று விட்டது. இரும்புக்கயிறுகள் நகர்ந்தன.

"மாப்ள, லிஃப்ட் வருது. நிறுத்து."

"வெளிய ஏறுங்க மச்சான்!"

போனில் அவர் குரல் மிக மெதுவாக வந்தது:

"கால் வரல. யாரோ புடிச்சிருக்காங்க."

வடிகட்டியை மாற்ற கைகள் பறந்தன. மாற்றுவதற்குமுன் போர்டு, கம்பி ஒரு கணம் ஓய்வதற்காகக் காத்திருக்கும். கம்பி ஓயவில்லை. பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

இறங்கு. இறங்கு. இறங்கு.

திரையை விட்டு எழுந்து, சுவரிலிருந்த மெயின் சுவிட்சின் மேல் உடம்போடு விழுந்தேன்.

இருட்டு. பிரேக் கவ்வியது. கயிறுகள் அதிர்ந்து நின்றன.

"மச்சான்?"

போனில் அவர் குரல் வந்தது.

"விட்டுடுச்சு."

தரைத்தள வாசல்படிக்கும் லிஃப்டின் அடிக்கும் நடுவே ஒரு முழம்தான் மிஞ்சியிருந்ததாம். அதன் வழியே ஊர்ந்து வந்தார். தரையில் கை அடிக்கும் சத்தமும், பிறகு அவர் அழுவதும் போனில் கேட்டன. அழுகை கோபமாக மாறியது. குழிக்குள் தலையை நீட்டிக் கத்தினார்.

"யாருடா அது? கேக்குதாடா உனக்கு?"

போர்டு செத்துக் கிடந்தது. கம்பிக்கு மின்சாரம் தர இனி எதுவும் இல்லை. ஸ்கோப்பின் திரை மட்டும் பச்சையாக எரிந்தது.

அவர் கேட்டதற்கு 'உள்ளேன்' என்பதுபோல், கோடு எழுந்தது.

இறங்கவில்லை.