முதல் மிடறு

மணிக்கட்டு வளையம் நீலமாக ஒளிர்ந்தால் குடிக்க வேண்டும். அணைந்தால் நிறுத்திவிட வேண்டும். ஊருலகத்துக்கெல்லாம் அதுதான் வழக்கம். வெப்பத்தடை மாத்திரை வந்து மூன்று தலைமுறை ஆயிற்று. வெக்கை தெரியாமல் போனதோடு தாகமும் தெரியாமல் போயிற்று. யாரும் அதற்காக அழவில்லை. அறியாத ஒன்றை நினைத்து யார் அழுவார்?

மேடேற வண்டிப்பாதை இல்லையென்று மாத்திரை எட்டிப் பார்க்காத ஊர் குருவிமலை. அந்த ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு மூலிகைப் பானம் செய்து விற்க அரசு பயிற்சி கொடுத்தது. நன்னாரியும் சுக்கும் கருப்பட்டியும் அவர்களுக்குக் கைவந்தவை. அளவுக் குவளை, முகக்கவசம், நீலம் கண்ட பிறகே ஊற்றுவது, இவைதான் புதுப்பாடம். தேறினால் அடிவாரத்து ரயிலடியில் கடை. தவறினால் பழையபடி கல்லுடைக்கப் போக வேண்டும். எல்லார் சார்பிலும் கடைசித் தேர்வுக்கு ராக்காயியை நிறுத்தினார்கள்.

தேர்வாளர் பெர்னதெத் பட்டணத்துக்காரர். வளையம் நீலமானதும் குவளையை நீட்டினார். ராக்காயி சரியாகத்தான் அளந்து ஊற்றினாள். அதற்குள் ஊர்ப்பழக்கம் முந்திக்கொண்டது. வடித்தவள் ஒரு வாய் குடித்துக் காட்டாமல் கொடுத்தால் குருவிமலையில் அது விருந்தாளிக்கு அவமரியாதை. கவசத்தை இறக்கி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கண்ணை மூடி மடக்கென்று விழுங்கினாள். பின்னால் நின்ற பெண்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மதிப்பெண்ணைக் குறைக்கக் கைக்கணினித் திரைமேல் கொண்டுபோன விரலைப் பெர்னதெத் அழுத்தவில்லை. தம் குவளையைக் குடித்து முடித்தார். வளையம் அணைந்தது. ஆனாலும் அவர் கண் பானையிலேயே நின்றது.

"தொண்டைக்குள்ள என்னமோ இழுக்குது. நீங்க குடிச்சதப் பார்த்ததும் ஆரம்பிச்சுது. இது என்ன நோய்?"

தாகமும் கொட்டாவி மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று ராக்காயிக்கே அப்போதுதான் தெரிந்தது. பின்தங்கிய ஊர் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவள். உலகத்திடம் இல்லாத ஒன்று தங்கள் ஊரில் பத்திரமாக இருந்திருக்கிறது என்று எண்ணியதும் நெஞ்சு விம்மிற்று.

"நோயில்லம்மா, தாகம். எங்க ஊருல எல்லாருக்கும் உண்டு."

இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார் பெர்னதெத். வளையம் அணைந்திருப்பதைத் தயக்கத்தோடு காட்டினாள் ராக்காயி. அவர் அதைக் கழற்றி மேசையில் வைத்தார். இரண்டாவது குவளை முடிந்ததும், விற்பவர் முதலில் குடித்துக் காட்ட வேண்டும் என்று பாடத்தில் ஒரு வரி சேர்த்து, தேர்ச்சி என்று கையெழுத்திட்டார்.

மூன்றாவது குவளை பாதி நிறையும்போது கையால் மறித்தார்.

"போதும்" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சொல்லை அவராகச் சொன்னது அதுவே முதல் தடவை.