சாமி மேடையில் ஒரு முனகல்

"எங்க வீட்டுச் சாமி முனகுது, எல்ஸி! காதுல விழுதா? முனகுது!"

"சாமி எப்படிக்கா முனகும்? மொதல்ல உங்க ஃபேன பாருங்க!"

"ஃபேனா? போன மாசந்தான் புதுசு மாத்துனோம்லா! உன் தம்பி அந்த நீட்டுக் கித்தார எடுத்தாத்தான் முனகுது. கீழ வச்சா நின்னுடுது. இதுக்கு என்ன சொல்ற?"

குனோங் ராபாட்டில், லோரோங் என்று சொல்கிற அந்தக் குறுக்குத் தெருவில், வீடுகள் எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும். வாசல் பக்கத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டிச் சுவர். கையை ஊன்றிக்கொண்டு சண்டை போடுவதற்கென்றே அளவெடுத்துக் கட்டியது போல இருக்கும். இந்தப் பக்கம் எல்ஸி. அந்தப் பக்கம் மங்களம். எதிர் வீட்டு நவமணி வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக ஒரே இடத்தைத்தான் கூட்டினார். சிமெண்டே தேய்ந்திருக்கும்.

சண்டைக்குக் காரணமானவர், கழுத்தில் பேஸ் கித்தாரை மாட்டிக்கொண்டு எல்ஸிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அவர்தான் ரோய்ஸ்டன், எல்ஸியின் தம்பி. ஆறடி உயரம். ஒளிந்தும் பயனில்லை. தலையும் கித்தாரின் கழுத்தும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, நான் சத்தத்தக் கொறைச்சுத்தான் வாசிக்கிறேன்," என்றார் ரோய்ஸ்டன்.

"காதுல எதையாச்சும் மாட்டிக்கிட்டு வாசிக்கலாம்ல தம்பி? நீ மட்டும் கேக்குற மாதிரி?" என்றார் மங்களம்.

"பேஸ காதால கேக்கறது இல்லக்கா. வயித்தால கேக்கறது."

"அப்ப என் வயித்தெரிச்சல் கேக்குதா?"

எதிர் வீட்டில் துடைப்பம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் அதே இடத்தைக் கூட்டியது.

எல்ஸிக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பி பக்கம் திரும்பினார். "டேய், ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த முனகல் நிக்கணும். இல்லன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு தஞ்சோங் ரம்புத்தானுக்கு, கோலின் அண்ணன் வீட்டுக்குப் போயிரு. பக்கத்து வீட்டோட சண்டை போட்டுக்கிட்டே என்னால இருக்க முடியாது."

வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஷெரிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஷெரில் எல்ஸியின் மகள். நான்காம் ஆண்டில் படிக்கிறாள். தினமும் காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுபவர் ரோய்ஸ்டன் மாமாதான். வழியெல்லாம் வாயாலேயே "டும் டுடும் டும்" என்று வாசித்துக்கொண்டு போவார். கோலின் பெரிய மாமா வீட்டிலோ ஐந்து பிள்ளைகள், இரண்டு நாய்கள். அங்கே ஒரு பென்சில் வைக்கவே இடமில்லை. பேஸ் கித்தாரை எங்கே வைப்பது?

ரோய்ஸ்டனைப் பற்றி அந்த லோரோங்கில் தெரியாதவர் கிடையாது. வார நாட்களில் டயர் கடையில் வேலை. சனிக்கிழமை வந்தால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண விருந்துகளில் வாசிக்கப் போய்விடுவார். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியைத்தான் காரில் முன் இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போடுவார். ஷெரில் கூடப் போனால் அவளுக்குப் பின் இருக்கைதான். "பெட்டி விழுந்தா ஒடைஞ்சிரும். நீ விழுந்தா அழுவ, அவ்வளவுதான்," என்பார்.

கல்யாணப் படங்களில் பாடகர் இருப்பார். டிரம்ஸ் வாசிப்பவர் இருப்பார். ரோய்ஸ்டன் மட்டும் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருப்பார். பேராக் மாநிலம் முழுக்க எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் அவருடைய முழங்கை மட்டும் இருக்கிறது. அதில் அவருக்கு வருத்தமே இல்லை. "முழங்கைக்குத் தனியா விசிறிங்க இருக்காங்க," என்று சொல்லிக்கொள்வார்.

அடுத்த வாரம் தைப்பிங்கில் ஒரு கல்யாண விருந்து. புதுக் குழுவோடு முதல் தடவை வாசிக்கிறார். இருபத்திரண்டு பாட்டுகள் பழக வேண்டும்.

மறுநாள் மாலை, வேலை விட்டு வந்ததும், ரோய்ஸ்டன் ஆம்பைப் பழைய தலையணைமேல் தூக்கி வைத்தார். அதன் முகத்தை மறுபக்கம் திருப்பினார். சத்தத்தைக் கொசு பறக்கிற அளவுக்குக் குறைத்தார். மெல்ல வாசிக்கத் தொடங்கினார்.

"ஐயோ முருகா!" என்று பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

ரோய்ஸ்டன் தலையில் கை வைத்தார். "இதுக்கும் கேக்குதா? எனக்கே கேக்கல!"

"நீங்க வாசிங்க மாமா. நான் வெளிய போய்க் கேக்கறேன்," என்றாள் ஷெரில்.

அவள் பயிற்சிப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு குட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்து இரண்டு வீட்டுச் சத்தமும் கேட்டது. இந்தக் காதில் மாமாவின் டும் டும். அந்தக் காதில் மங்களத்தின் ஐயோ முருகா.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. மங்களம் சும்மா சும்மா கத்தவில்லை. பாட்டில் ஒரே ஓர் இடம் வரும்போதுதான் கத்தினார். அதுவும் தாளம் தப்பாமல். மாமாவின் குழுவில் சேர்த்துக்கொண்டால்கூடத் தப்பில்லை என்று தோன்றியது.

ஷெரில் உள்ளே ஓடினாள். "மாமா, 'டுடும்'னு முடிப்பீங்களே, அந்த எடத்துல எந்த நோட்டு?"

"ரொம்பத் தடிச்ச தந்தி. அதுல மூணாவது கோடு." கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த உலோகக் கோடுகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"அந்த நோட்டு இல்லாம வாசிக்க முடியாதா?"

"நீ 'க' இல்லாம ஒரு நாள் பேசிப் பாரு. அப்புறம் சொல்லு."

ஷெரில் முயன்று பார்த்தாள். முதலில் தன் வகுப்பின் பெயரே வரவில்லை. பிறகு பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பெயரும் வரவில்லை.

"ஏன் அந்த நோட்டுக்கு மட்டும் மாமா?"

"அது அப்படித்தான். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நோட்டு பிடிக்கும். அது வந்தா கூடவே பாடும். ஒரு கல்யாணத்துல நான் வாசிக்க வாசிக்க, ஒரு தட்டு நெறைய இருந்த கரண்டி பூராவும் பாடுச்சு. சமையல்காரர் பயந்துட்டாரு."

ஷெரில் பென்சிலைக் கடித்தாள். அப்படியென்றால் மங்களம் வீட்டில் முனகுவது சாமி இல்லை. ஏதோ ஒரு சாமான்!

சனிக்கிழமை காலை, அம்மாவின் கைப்பேசியோடு அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"ஆன்ட்டி, உங்க வீட்டுல எது முனகுதுன்னு நான் கண்டுபிடிக்கட்டா?"

மங்களம் அவளை மேலும் கீழும் பார்த்தார். சண்டை எல்ஸியோடுதானே. பிள்ளையோடு இல்லையே. "வா பாப்பா. கால கழுவிட்டு வா. சாமி மேடை கிட்டப் போகணும்."

கூடத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி, சாமி மேடை இருந்தது. பெரிய முருகன் படம். குத்துவிளக்கு, மணி, குங்குமச் சிமிழ், விபூதித் தட்டு. எல்லாம் பளபளவென்று இருந்தன.

"எல்லாம் எங்க வீட்டுக்காரரு வேலை," என்றார் மங்களம் பெருமையாக. "யாரையும் தொட விட மாட்டாரு. இப்பல்லாம் ஒரு நாளைக்கு மூணு வாட்டி சாமி கும்புடறாரு."

மங்களத்தின் கணவர் ராமையா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன நாளிலிருந்துதான் அவருக்குப் பக்தி கூடிவிட்டது. அது ஏன் என்று லோரோங்கில் யாரும் யோசிக்கவில்லை. அவர் இப்போது பத்திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் எதுக்குப் பாப்பா?" என்றார். "தம்பி நல்லாத்தான் வாசிக்குது. விட்டுடுலா."

அவர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை ஷெரில் கவனித்தாள்.

அவள் கைப்பேசியில் மாமாவை அழைத்தாள். "மாமா, தடிச்ச தந்தி, மூணாவது கோடு. அதையே வாசிங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

சுவருக்கு அப்பாலிருந்து வந்தது: டும்ம்.

சாமி மேடையிலிருந்து வந்தது: ஞொய்ய்ங்ங்.

"முருகா!" மங்களம் கைகூப்பினார்.

"ஆன்ட்டி, தொடட்டுமா?"

"பார்த்துத் தொடு."

ஷெரில் மணியைப் பிடித்தாள். டும்ம். ஞொய்ய்ங்ங். மணி இல்லை. குத்துவிளக்கில் கை வைத்தாள். ஞொய்ய்ங்ங். விளக்கும் இல்லை. சிமிழ், தட்டு, படத்தின் சட்டம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். முனகல் நிற்கவில்லை. பத்திரிகை மட்டும் நடுங்கியது.

கடைசியாகப் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். விரலில் சில்லென்று ஏதோ பட்டது. ஒரு தகர டப்பா. அழுத்திப் பிடித்தாள்.

டும்ம். அவ்வளவுதான். முனகல் இல்லை.

டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை. இடுக்கில் எட்டிப் பார்த்தாள். நெய் உருண்டை! டப்பா நிறைய நெய் உருண்டை!

திரும்பினாள். பத்திரிகைக்கு மேலே ராமையாவின் இரண்டு கண்கள் தெரிந்தன. கீழே அவருடைய இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு கும்பிடு போட்டன. இந்த முறை சாமிக்கு இல்லை.

"என்ன பாப்பா, கண்டுபிடிச்சிட்டியா?" என்றார் மங்களம்.

சொன்னால் ராமையா அங்கிள் மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் மாமா தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டும்.

"ஆன்ட்டி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

மங்களம் சமையலறைக்குப் போனதும் ராமையா துள்ளி எழுந்து வந்தார். "கண்ணு, சொல்லிறாதமா! நானே எடுத்து வேற எடத்துல வச்சிர்றேன். முனகலும் போயிரும், உன் மாமாவுக்கும் நல்லது."

"அப்புறம் ஆன்ட்டி என்ன நெனைப்பாங்க? மாமா வாசிச்சதுலதான் சாமி கோவப்பட்டுச்சுன்னே நெனைப்பாங்க." ஷெரில் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு ஒடம்புக்கும் ஆகாதுல்ல அங்கிள்?"

ராமையா தரையைப் பார்த்தார். "ஆகாதுதான்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க. நாமளே போய்ச் சொன்னா பாதித் திட்டுதான் விழும். எங்க கிளாஸ்ல அப்படித்தான்."

"உங்க டீச்சரும் எங்க வீட்டு மங்களமும் ஒண்ணா?" என்றார் ராமையா பாவமாக.

மங்களம் தண்ணீரோடு வந்தார். ராமையா தொண்டையைச் செருமினார். பஸ்ஸில் பிரேக் பிடிக்கவில்லை என்று பயணிகளிடம் சொல்லப் போகிறவர் போல நிமிர்ந்து நின்றார்.

"மங்களம்... முனகுனது சாமி இல்ல. நெய் உருண்டை."

சுவருக்கு அப்பால் டும்ம், டும்ம் மட்டும்.

"சாமிக்குப் பின்னாலயா?" மங்களத்தின் குரல் குனோங் ராபாட்டின் மலைகளில் மோதித் திரும்பியிருக்கும். "சாமிக்குப் பின்னாலயா ஒளிச்சு வச்சீங்க? மூணு வாட்டி கும்புட்டது இதுக்குத்தானா? நான் வேற, முருகனே நம்ம வீட்டுல பேசறாருன்னு தைப்பிங்ல இருக்கற தங்கச்சிக்கெல்லாம் போன் பண்ணி..."

டும்ம். டும்ம். டும்ம்.

"பாவம் சாமி! எத்தன நாளா இந்த நெய் வாசனையில..."

டும்ம். டும்ம்.

"அட, அந்தத் தம்பிய நிறுத்தச் சொல்லேன் பாப்பா!"

ஷெரிலுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "மாமா, போதும்!" என்று கைப்பேசியில் கத்தினாள்.

"விரல் செத்துப் போச்சு," என்றது கைப்பேசி.

மங்களத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு கலந்து வந்ததால் அது தும்மல் மாதிரி இருந்தது. ராமையாவும் சிரிக்கப் பார்த்தார். மங்களம் ஒரு பார்வை பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். திட்டு பாதியாகக் குறைந்ததா என்று தெரியவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. நவமணியே ஆச்சரியப்பட்டார்.

மங்களம் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. மறுநாள் குட்டிச் சுவர்மேல் ஒரு கிண்ணம் நெத்திலிச் சம்பலை வைத்துவிட்டு, "இன்னிக்கு மழை வரும் போலருக்கு எல்ஸி," என்றார். எல்ஸியும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "ஆமாக்கா, துணிய எடுக்கணும்," என்றார். அவ்வளவுதான், சண்டை தீர்ந்தது. பெட்டி கட்டப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரோய்ஸ்டன் தைப்பிங்கில் இருபத்திரண்டு பாட்டுகளையும் வாசித்தார். அந்தப் புதுக் குழுவில் கீபோர்டு வாசித்த பெண் ஷார்மேன். விருந்து முடிந்ததும் ரோய்ஸ்டனுடைய ஆம்புக்கு ஒரு கை கொடுத்துக் காரில் ஏற்றிவிட்டார். சீட் பெல்ட்டையும் மறக்காமல் போட்டாராம். அதற்கப்புறம் ரோய்ஸ்டனுக்கு அடிக்கடி தைப்பிங்கில் வேலை வந்தது. என்ன வேலை என்று நவமணிதான் முதலில் கண்டுபிடித்தார்.

அடுத்த வருடம் இரண்டு பேருக்கும் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. முதல் தடவையாக ஒரு கல்யாணப் படத்தில் ரோய்ஸ்டன் முழுசாக விழுந்தார். ராமையா கேக்கை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஒரு துண்டு பப்பாளி சாப்பிட்டார். மங்களம் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

புது மணமக்கள் தைப்பிங்கிலேயே வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். வீடு பார்க்கப் போனபோது ஷெரிலும் கூடப் போனாள். மாமா அறைகளைப் பார்த்தார். ஷார்மேன் அத்தை சமையலறையைப் பார்த்தார். ஷெரில் நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே இருந்த அம்மாளிடம் மரியாதையாகக் கேட்டாள்:

"வணக்கம் ஆன்ட்டி. உங்க வீட்டுல யாராச்சும் எதையாச்சும் ஒளிச்சு வச்சிருக்காங்களா?"