முதல்வாங்கி

இன்றைக்கும் அது வருவதற்கு முன்னால் யாரும் வந்துவிடக் கூடாது. கடைக் கதவை ஏற்றும்போது செண்பகவல்லி மனதுக்குள் இதைத்தான் நினைத்தாள். நினைத்ததும் கூசியது. கடை வைத்திருப்பவள் வேண்டிக்கொள்கிற விஷயமா இது?

நூற்பாலைகள் மூடியபின் படுத்துவிட்ட ஊரை எழுப்ப அரசு அனுப்பிய இயந்திரம் முதல்வாங்கி. தினமும் காலையில் ஒவ்வொரு கடையிலும் ஒரு பொருளை நல்ல விலைக்கு வாங்கும். போனி நன்றாக அமைந்தால் நாள் முழுக்க வியாபாரம் ஓடும் என்ற கடைத்தெரு நம்பிக்கையை ஒரு நிபுணர் திட்டமாகவே ஆக்கிவிட்டார். ஒரே நிபந்தனை: மனிதர் யாராவது முந்திப் போனி செய்துவிட்டால் அந்தக் கடை மீண்டுவிட்டது என்று பதிந்துகொள்ளும். பிறகு அங்கே வராது.

அது வந்து கேட்கும்போது போனி விஷயத்தில் பொய் சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் வாய் வரவில்லை. அதனால் வந்தவர்களைக் காக்க வைத்தார்கள். காத்துச் சலித்தவர்கள் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினார்கள். இயந்திரம் வாங்கிப் போனதும் கதவுகள் இறங்கின. அறிக்கையில் மட்டும் எல்லாக் கடையும் தினமும் விற்றது.

செண்பகவல்லி தைத்த ரவிக்கைகளை அது அளவு பார்க்காமல் வாங்கியது. அவளும் யாருக்கும் அளவெடுப்பதை விட்டிருந்தாள். போன ஆவணியில் மகளின் கல்யாணத் துணியோடு வந்த ஆரோக்கியமேரியைக்கூட வெயிலில் நிறுத்தினாள். "ஏன்க்கா, என் கை ராசியில்லாத கையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவள் திரும்பி வரவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் தினமும் கதவோடு சேர்ந்து ஏறியது.

இன்று அதே ஆரோக்கியமேரி படியருகில் நின்றாள். உள்ளே வராமல், பாவாடை நாடா இருக்கிறதா என்று கேட்டாள்.

பக்கத்துப் பாத்திரக் கடையிலிருந்து சுடலைமுத்து தணிந்த குரலில் சொன்னார்: "மதினி, அது தெருமுனைக்கு வந்துட்டு. அவுகள செத்த நிக்கச் சொல்லுங்க. நாளைக்கு உலை வைக்கணும்லா?"

அவர் சொன்னது உண்மை. ஒரு நாடா விற்றுக் குடும்பம் நடத்த முடியாது. கடைத்தெருவில் வாங்க வந்தவர் வேறு ஒரு ஆளும் இல்லை.

செண்பகவல்லி நாடாவை முழம் போட்டு வெட்டினாள். ஆரோக்கியமேரி நீட்டிய காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதல்வாங்கி வந்து நின்றது. "போனி செய்யலாமா?"

"வேண்டாம்," என்றாள். "போனி ஆயிட்டு."