பொறாமைதான், ஆனா இறக்கு!

அண்ணனுக்கு ட்ரோன் வந்த நாளிலிருந்து வாண்டுவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அண்ணன் என்றால் பெரியப்பா மகன், மேல்வீட்டில் இருக்கிறான். பிறந்தநாளுக்கு அவனுக்குப் பறக்கும் கேமரா, இவளுக்கு ஒரு ஜோடி காலுறை. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்!

"கொஞ்சம் குடுண்ணா" என்று கேட்டால், "போடி, உன் கை பட்டாலே கெட்டுப்போயிடும்" என்பான். தெருப் பிள்ளைகள் வேறு அவனையே ஈ மாதிரி மொய்த்தார்கள்.

அன்று மதியம் ஊருக்குப் பின்னாலிருந்த மலையில் தீப்பிடித்தது. மொட்டை மாடியில் கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் ட்ரோனை நேராகத் தீக்கு மேலேயே அனுப்பினான். அது எடுக்கும் படம் அவன் கையிலிருந்த திரையில் தெரிந்தது.

"ஆகா! டிவியில கூட இப்படி வராதுடா!" என்று ஒரே பாராட்டு. வாண்டு மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

அப்போது தண்ணீர் விமானம் வந்தது. வயிறு நிறையத் தண்ணீரோடு வந்து, தாழப் பறந்து, தீயின்மேல் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும் விமானம் அது. விமானத் தளத்தில் அதற்குக் குழாய் மாட்டித் தண்ணீர் நிரப்புவதுதான் வாண்டுவின் அம்மாவுக்கு வேலை.

விமானம் மலையை நெருங்கியது. திடீரென்று மூக்கைத் தூக்கியது. ஒரு சொட்டுக்கூடக் கொட்டாமல் திரும்பிவிட்டது.

"என்னடா இது, வந்த வழியே போகுது?" என்றான் எதிர்வீட்டு ஒல்லி.

வாண்டுவுக்குச் சட்டென்று புரிந்தது. அம்மா எத்தனை முறை புலம்பியிருக்கிறாள்! "ஒரு ட்ரோன் கண்ணுல பட்டாப் போதும், எல்லா விமானமும் இறங்கிடணும். அது வந்து மோதினா விமானமே விழுந்துடும்."

நல்லா மாட்டட்டும்! போலீஸ் வந்து ட்ரோனைப் பிடுங்கட்டும்! வாண்டுவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஆனால் மலையடிவாரத்தில் அத்தை வீடு இருக்கிறதே! தீ அந்தப் பக்கம்தான் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் எட்டிப் பார்த்தால், அத்தை வாளி வாளியாகச் சுவரில் தண்ணீர் ஊற்றுவது திரையில் தெரிந்தது. குளுகுளுப்பு போன இடம் தெரியவில்லை.

"அண்ணா, ட்ரோனை இறக்கு! உன்னாலதான் விமானம் திரும்பிப் போச்சு!"

"பொறாமையில பொசுங்குறா பாருங்கடா!" என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள்.

வாண்டு அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"ஆமா, பொறாமைதான்! உன்கிட்ட இருக்கு, என்கிட்ட இல்லேன்னு தினமும் வயிறு எரியுது. போதுமா? அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா? திரையில பாரு, நம்ம அத்தை!"

அண்ணன் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. அவசர அவசரமாக ட்ரோனைத் திருப்பி மாடியில் இறக்கினான். வாண்டு அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அம்மா, பறந்தது நம்ம அண்ணனோட ட்ரோன்தான். இறக்கியாச்சு! விமானத்தை வரச் சொல்லும்மா!"

எல்லாரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உறுமல் கேட்டது. விமானம் தாழ வந்து கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு தண்ணீர்! அடுத்த விமானமும் வந்தது. சாயங்காலத்துக்குள் அத்தை வீட்டுப் பக்கம் வெறும் புகைதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்த அம்மா, முதலில் அண்ணனுக்கு நல்ல டோஸ் விட்டாள். பிறகு வாண்டுவிடம் திரும்பினாள்.

"விமானி உன்னைப் பாக்கணுமாம். நாளைக்கு விமானத்துல ஏறி உக்காந்து பாக்கலாம்னு சொன்னாரு."

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"என்னண்ணா, பொறாமையா?" என்றாள் வாண்டு.

"ஆமா" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டே. "ரொம்ப."

வாண்டு ஒரு நிமிடம் யோசித்தாள். "சரி, நீயும் வா. ஆனா முன்சீட்டு எனக்கு!"