பச்சைத் தவளையும் அப்பாவின் சாக்ஸும்

அந்தப் பச்சைத் தவளையை மிளகுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

வெறும் ரப்பர் தவளைதான். தேங்காய் அளவுதான் இருக்கும். ஆனால் எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருக்கும். அம்மா ஓட்டும் பேருந்தில், முன்கண்ணாடியின் மூலையில் அது உட்கார்ந்திருந்தது. அம்மா பிரேக் போடும்போதெல்லாம் கண்ணாடியில் போய் மோதி, "க்ரீச்!" என்று கத்தும்.

உடனே பின்னால் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, "க்ரீச்!" என்பார்கள். மிளகு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மிளகு என்பது அவளுடைய பட்டப்பெயர். மாமா வைத்தது. "ஆள் இத்துனூண்டு, காரம் எவ்ளோ பாரு!" என்று அவர் சொல்லச் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. மாமா அம்மாவின் தம்பி. அம்மா ஓட்டும் பேருந்திலேயே நடத்துநர். அக்கா ஓட்டுவார், தம்பி விசில் ஊதுவார்.

அவர்கள் வேலை செய்யும் பணிமனைக்காரர்களுக்கு ஆண்டுக்கொரு முறை, ஊரில் உள்ள பௌலிங் மண்டபத்தில் போட்டி நடக்கும். வழவழப்பான நீண்ட மரத்தளம். அதன் கடைசியில் பத்து வெள்ளைக் கட்டைகள் நிற்கும். மூன்று ஓட்டை போட்ட கனமான பந்துக்குள் விரல்களை நுழைத்துப் பிடித்து, உருட்டிவிட்டுக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். பந்து வழி தவறினால் ஓரத்தில் இருக்கும் பள்ளத்தில் விழுந்து, யாரையும் தொடாமல் நல்ல பிள்ளையாகப் போய்விடும்.

ஒரு பெரியவர், ஒரு குழந்தை. இதுதான் ஒரு ஜோடி. முதலில் வருபவர்களுக்குக் கைதட்டல். கடைசியில் வருபவர்களுக்குத் தவளை. அந்தப் பெரியவர் வேலை செய்யும் இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, ஒரு வருடம் அதை வைத்திருக்க வேண்டும்.

போன வருடம் மிளகு உருட்டிய இருபது பந்துகளில் பதினான்கு பள்ளத்துக்குப் போயின. தவளை அம்மாவுக்கு வந்தது.

அம்மா அன்று சிரித்தாள். "தனியா ஓட்டுறதுக்கு ஒரு துணை கிடைச்சுது, போ!" என்றாள். மிளகும் நம்பிவிட்டாள். ஆனால் ஒருநாள் மேலதிகாரி ஒருவர் பேருந்தில் ஏறும்போது, அம்மா சட்டென்று தவளையின் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைப்பதை மிளகு பார்த்துவிட்டாள். அம்மாவுக்கும் அது பிடிக்கவில்லை. அது வந்ததோ தன்னால். இந்த வருடம் எப்படியாவது அதை இறக்கிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, மாமா ஒரு பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா, ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?"

"ஊரா? பௌலிங் சாமான் இது! என் சிநேகிதன்கிட்ட இரவல் வாங்கினேன். ஆட்டம் நல்லா வரலேன்னா காரணம் கையில இல்ல மிளகு, கையில போடுறதுல இருக்கு!"

பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மணிக்கட்டு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பட்டை. கையுறை. வியர்வையை உறிஞ்சும் துணிப்பொட்டலம். விரலில் பூசும் மாவு. கட்டைவிரல் ஓட்டைக்குள் ஒட்டும் மெல்லிய நாடா. பந்து துடைக்கும் துண்டு.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்குப் போனபோது, மாமா அத்தனையையும் மிளகுக்கு ஒரே நேரத்தில் மாட்டிவிட்டார். பந்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று சிவப்புப் பந்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தூக்கினால் தோள் இறங்கியது.

மிளகு நான்கு அடி நடந்தாள். கையைப் பின்னால் வீசினாள். மாவு பூசிய விரல்களிலிருந்து பந்து வழுக்கிப் பின்னாலேயே போனது. நாற்காலியில் உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்த மாமா, இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு அலறினார்.

"கட்டை அந்தப் பக்கம் இருக்குடி!"

அன்று முழுக்க மூன்றே கட்டைகள் விழுந்தன.

மறுநாள் காலை அம்மாவுடன் பணிமனைக்குப் போனாள். பேருந்தை எடுக்கும் முன் அம்மா வழக்கம்போல் சுற்றி வந்து பார்த்தாள். முதலில் சக்கரம். அப்புறம் விளக்கு. அப்புறம் பிரேக். அப்புறம் கண்ணாடி.

"எல்லாத்தையும் ஒண்ணா பாத்துட்டா வேலை சீக்கிரம் முடியுமே அம்மா?"

"முடியும். ஆனா ஏதாவது சத்தம் வந்தா, எதுலேர்ந்து வருதுன்னு தெரியாது" என்றாள் அம்மா, விளக்கைத் துடைத்தபடியே.

மிளகு சக்கரத்தைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்த் தன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

அடுத்த பயிற்சியில் மாமாவின் பையை அவளே திறந்தாள். "மாமா, இன்னிக்கு நான் ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கப்போறேன். ஒண்ணு போட்டு அஞ்சு பந்து. கழட்டிட்டு அடுத்தது."

"அதுக்குள்ள விடிஞ்சிடும்!"

"விடியட்டும்."

மணிக்கட்டுப் பட்டை பெரியவர்களுக்கானது. அவள் கையில் அது வளையல்போல் சுற்றியது. நோட்டில் 'வேண்டாம்' என்று எழுதினாள். கையுறை போட்டால் விரல் ஓட்டைக்குள் போகவில்லை. வேண்டாம். மாவு? மாமாவின் கால்களைக் கேட்டாலே சொல்லும். வேண்டாம்.

பிறகு பந்தை மாற்றினாள். அங்கே ஒவ்வொரு பந்திலும் அதன் எடை எண்ணாகப் பொறித்திருக்கும். சிவப்புப் பந்தில் பன்னிரண்டு. தேடித் தேடி, ஏழு என்று போட்ட ஒரு பந்தை எடுத்தாள். சேறு நிறம். யாரும் தொடாமல் மூலையில் கிடந்தது.

"இதையா? பாக்கவே சகிக்கலையே!" என்றார் மாமா.

"நான் பாக்கவா வந்தேன்? உருட்ட வந்தேன்."

பந்தை இப்போது எளிதாகத் தூக்க முடிந்தது. ஆனால் கட்டைவிரல் ஓட்டை கொஞ்சம் பெரியது. விழாமல் இருக்க விரலை இறுக்கிப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்ததால் விடும்போது பந்து இடப்பக்கம் இழுத்தது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு முப்பது பந்துகள் ஆயின. கட்டைவிரல் சிவந்துபோயிற்று.

ஓட்டைக்குள் நாடாவில் ஒரு துண்டு ஒட்டினாள். கொஞ்சம் பரவாயில்லை. இன்னொரு துண்டு. இப்போது விரல் இறுக்காமலே நின்றது. கையை வீசினாள். பந்து நேராகப் போய் நடுவில் இடித்தது. ஏழு கட்டைகள் விழுந்தன.

மாமா கையிலிருந்த சோளப்பொரி முழுவதும் தரையில் கொட்டியது.

"போகும்போது நாடாவை உரிச்சுட்டுப் போகணும், பாப்பா" என்று, ஆட வருபவர்களுக்கு வாசலில் ஷூ கொடுக்கும் அக்கா அங்கிருந்தே கத்தினார். மிளகு தலையாட்டினாள். நோட்டில் 'நாடா, வேண்டும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். தளத்தில் பூசியிருக்கும் எண்ணெய் பந்திலும் ஒட்டுவதால், துடைக்கும் துண்டும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. பௌலிங் ஷூவின் அடிப்பகுதி வழவழப்பாக இருக்கும். கடைசி அடியில் இடது கால் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் குடிக்கப் போன மிளகு, குழாயடியில் சிந்தியிருந்த ஈரத்தை மிதித்துவிட்டு வந்தாள். அடுத்த பந்தில் கால் சறுக்காமல் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. குப்புற விழாதது அதிர்ஷ்டம்தான்.

ஈரம் படாமல் ஷூவை மூடும் உறை மாமாவின் பையில் இல்லை. ஆனால் வீட்டில் அப்பாவின் அலமாரியில் இருந்தது. பழுப்பு நிறத்தில், முழங்கால் வரை வரும் ஒரு ஜோடி சாக்ஸ். தளத்தைவிட்டு எங்கே போனாலும் ஷூவுக்கு மேல் அதை மாட்டிக்கொள்வாள். திரும்பி வந்ததும் கழற்றிவிடுவாள்.

"என் சாக்ஸை யாராவது பாத்தீங்களா?" என்று அப்பா மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

போட்டி நாள் வந்தது. ஆறு ஜோடிகள். ஆளுக்குப் பத்து முறை, முறைக்கு இரண்டு பந்து. விழுகிற கட்டைக்கு ஒரு புள்ளி. தவளையும் வந்திருந்தது. புள்ளிப் பலகைக்குக் கீழே மேசைமேல் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

இடது காலில் அப்பாவின் சாக்ஸோடு மிளகு நடந்துவந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. அம்மாவும் அவளும் மாறி மாறி உருட்டினார்கள். ஒரே ஒரு பந்துதான் பள்ளத்துக்குப் போனது. அதுவும் அம்மாவுடையது.

"பாத்து ஓட்டு அம்மா" என்றாள் மிளகு.

அவர்கள் ஆட்டம் முடிந்தபோது நூற்று இருபத்து நான்கு புள்ளிகள். மூன்று ஜோடிகள் அதைத் தாண்டிவிட்டன. மிச்சம் இரண்டு ஜோடிகள். மெக்கானிக்கும் அவர் மகனும். மாமாவும் அவருடைய ஐந்து வயது மகளும்.

மெக்கானிக்கின் மகனை எல்லோரும் சுருட்டை என்பார்கள். தலைமுடி அப்படி. அவர்களுக்கு நூற்றுப் பதினைந்து. சுருட்டைக்கு இன்னும் இரண்டு முறை பாக்கி. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன், தண்ணீர் குடித்துவிட்டு வந்ததிலிருந்து தடுமாறினான். ஒவ்வொரு தடவையும் கடைசி அடியில் கால் நின்றுவிட்டது. பந்து பள்ளத்தில் விழுந்தது. அவன் கண் கலங்கிவிட்டது.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றார் மெக்கானிக்.

"தெரியலப்பா!"

மிளகுக்குத் தெரிந்தது. அவன் ஷூவின் அடியில் ஈரம் மின்னியது.

இரண்டே இரண்டு முறைதான். சும்மா இருந்தால் போதும். தவளை அவர்கள் பட்டறைக்குப் போய்விடும். அம்மாவின் கண்ணாடி காலியாகிவிடும். மிளகு தவளையைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்து மட்டும் சிரிப்பதுபோல் இருந்தது. பிறகு சுருட்டையைப் பார்த்தாள். போன வருடம் தானும் அப்படித்தான், காரணம் தெரியாமல் அங்கே நின்றது நினைவு வந்தது.

அவள் எழுந்துவிட்டாள்.

"டேய் சுருட்டை, உன் ஷூ நனைஞ்சிருக்கு. அதான் கால் ஒட்டுது. ஓடிப்போய் வேற ஜோடி வாங்கு. இந்தா, திரும்பி வரும்போது இதை மேல மாட்டிக்கோ." பையிலிருந்து அப்பாவின் இன்னொரு சாக்ஸை எடுத்து நீட்டினாள்.

சுருட்டை மூக்கை உறிஞ்சினான். "நான் ஜெயிச்சா தவளை உங்களுக்கு வந்துடுமே?"

"தெரியும். சீக்கிரம் போடா, நான் மனசு மாறறதுக்குள்ள!"

அவன் ஓடினான். மாற்று ஷூவோடும் பழுப்புச் சாக்ஸோடும் திரும்பி வந்தான். முதல் முறை ஏழு கட்டைகள். அடுத்த முறை ஆறு. நூற்று இருபத்து எட்டு. மெக்கானிக் அவனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

அம்மா மிளகை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். மிளகு மடியில் உட்காரும் வயதைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. ஆனாலும் உட்கார்ந்தாள்.

இப்போது மாமா. அவர்கள் ஜோடிக்கு நூற்றுப் பத்தொன்பது. அதில் பாதிக்குமேல் குட்டிப் பெண் எடுத்தது. சின்னவர்களுக்காக வைத்திருந்த சறுக்குச் சட்டத்தில் பந்தை வைத்து, ஒரு கையால் தள்ளிவிட்டு, மறு கையால் மிட்டாயைச் சப்பிக்கொண்டே அவள் எடுத்துவிட்டாள். மாமாவுக்குக் கடைசி ஒரு முறை. ஆறு கட்டைகள் விழுந்தால் போதும், மிளகைத் தாண்டிவிடுவார்; தவளை மறுபடி அம்மாவுக்கே.

மாமா எழுந்து நின்றார். பட்டை, கையுறை, மாவு எல்லாம் மேலே இருந்தன. இடுப்பில் துண்டு.

மிளகுக்கு மனசு கேட்கவில்லை. "மாமா, அந்தப் பட்டையையாவது கழட்டிட்டுப் போடுங்க. கையே வளையல உங்களுக்கு."

"போருக்குப் போறவன்கிட்ட கவசத்தைக் கழட்டச் சொல்றியே, நியாயமா?"

முதல் பந்து பள்ளத்துக்குள் போனது. இரண்டாவது பந்து மெதுவாக, பூங்காவில் நடப்பதுபோல் போனது. ஒரு கட்டை விழுந்தது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது கட்டை ஆடியது. இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

கட்டை நின்றுவிட்டது.

நூற்று இருபத்து மூன்று!

மிளகு குதித்த குதியில் அம்மாவின் தாடையில் தலை இடித்தது. அம்மா தாடையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். குட்டிப் பெண் மேசைக்கு ஓடிப்போய்த் தவளையைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, இது நமக்கா? நிஜமா நமக்கா?" மாமாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மிளகு பேருந்தில் ஏறினாள். முன்கண்ணாடியின் மூலை காலியாக, சுத்தமாக இருந்தது. அம்மா விசில் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். விசிலுக்குப் பதிலாகப் பின்னாலிருந்து, "க்ரீச்!" என்று கேட்டது.

எல்லார் கண்ணிலும் பட வேண்டுமே! மாமா தவளையைத் தோள்பையின் முன்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவர் சீட்டு எடுக்கப் பைக்குள் கைவிடும்போதெல்லாம் அது கத்தியது.

"மிளகு, அடுத்த போட்டிக்கு எனக்கும் அந்த மாதிரிச் சாக்ஸ் ஒரு ஜோடி கிடைக்குமா?" என்று மாமா அவள் காதருகே குனிந்து கேட்டார்.

மிளகு சன்னல் வழியே வெளியே காட்டினாள். வேலைக்குப் போக நிறுத்தத்தில் நின்றிருந்தார் அப்பா. ஒரு காலில் நீலச் சாக்ஸ், மறு காலில் கறுப்புச் சாக்ஸ்.

"அடுத்த வருஷத்துக்கு அதுதான் மாமா மிச்சம்!"